கேமராவுக்குக் கடன் வாங்காதீர்கள், தம்பி

கேள்வி: சேலம் அம்மாபேட்டை. வயது 24. வீட்டில் விசைத்தறி. டிப்ளமோ முடித்துவிட்டு நான்கு வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். சினிமாவில் ஒளிப்பதிவாளர் ஆக ஆசை. தரமணி திரைப்படக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை, தனியாரில் படிக்க வசதி இல்லை. நாலு லட்சம் கடன் வாங்கி ஒரு சினிமா கேமரா எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்விடலாமா?

பதில்: கடன் வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியைப் பொறுமையாகப் பேசலாம்.

திரைப்படத்துக்குக் கேமராவை வாடகைக்கு எடுப்பது தயாரிப்பாளர். எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்று ஒளிப்பதிவாளர் சொல்வார். வாடகைக் கம்பெனியிலிருந்து கேமராவும் அதைப் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டரும் சேர்ந்தே வருவார்கள். சொந்தக் கேமரா இருக்கிறதா என்று கேட்டு யாரும் உதவியாளரைச் சேர்ப்பதில்லை. நீங்கள் தவணை கட்டி முடிப்பதற்குள் அந்த மாடல் பழசாகிவிடும். தவணைக்காக வருகிற கல்யாணத்தையெல்லாம் ஒப்புக்கொள்வீர்கள், சென்னைப் பயணம் தள்ளிக்கொண்டே போகும். இப்படி மாட்டிக்கொண்டவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

திரைப்படக் கல்லூரி இல்லாமல் முடியுமா? முடியும். பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த கே.வி.ஆனந்த், ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராமிடம் உதவியாளராகச் சேர்ந்துதான் தொழில் கற்றார். ஒளிப்பதிவாளராக அவருடைய முதல் படத்துக்கே தேசிய விருது வந்தது. அவ்வளவு ஏன், ஏற்காடு ரோட்டில் முகப்பு வளைவு மட்டும் மிஞ்சி நிற்கிறதே மாடர்ன் தியேட்டர்ஸ், 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படத்தைத் தந்தது அந்த ஸ்டுடியோதான். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் எடுபிடியாக நுழைந்து கேமராவைக் கற்றவர்கள் பலர்.

கல்யாண வேலை உங்களுக்கு வேகத்தைக் கொடுத்திருக்கிறது. தாலி கட்டும் நொடியைத் தவறவிடாத கவனம் லேசுப்பட்டதல்ல. ஆனால் ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டியிருக்கும்: கேமரா பக்கமிருந்தே எல்.இ.டி. லைட்டை நேராக முகத்தில் அடிப்பது. மண்டபத்தில் அது சரி, முகம் பளிச்சென்று தெரியத்தான் காசு கொடுக்கிறார்கள். சினிமாவிலோ நிழலை எங்கே விடுவது என்பதுதான் முதல் கேள்வி. நீங்கள் கற்க வேண்டியது இது ஒன்றுதான். இதற்கு இப்போது இருக்கிற மிரர்லெஸ் கேமரா, வெளிச்சத்தைத் திருப்பியடிக்க இரண்டு தெர்மாகோல், ஒரு கறுப்புத் துணி, லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கிற ஒரு என்.டி. ஃபில்டர் போதும்.

நேரம்? ஆடியும் மார்கழியும் முகூர்த்தம் இல்லாத மாதங்கள். அவைதான் உங்கள் செமஸ்டர்.

ஆடியில் உங்கள் தறிக்கூடத்திலேயே ஆரம்பியுங்கள். ட்யூப் லைட் துடிப்பது கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் 1/50 வைத்தால் துடிப்பு அடங்கும். சினிமா கேமராவில் இதையே நொடிக்கு 24 ஃபிரேமுக்கு ஷட்டர் கோணம் 172.8 டிகிரி என்று வைப்பார்கள். பிறகு பகலில் ட்யூப்பை அணைத்துவிட்டு ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் உங்கள் அம்மாவைத் தறி முன்னால் உட்காரவைத்து எடுங்கள். நிழல் பக்கம் தெர்மாகோலை ஒரு அடி நகர்த்தி ஒரு ஷாட், இன்னும் ஒரு அடி நகர்த்தி ஒரு ஷாட். ஒவ்வொன்றுக்கும் தூரத்தை நோட்டில் எழுதுங்கள். சலிப்பாக இருக்கும், விடாதீர்கள்.

அடுத்தது செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை. அனுமதி கேட்டு ஒரு நாள் உட்காருங்கள். கொலுசு கறுப்பாகவே விழுகிறதே என்று லைட்டை ஏற்றுவீர்கள். அங்கங்கே வெள்ளைப் புள்ளி வெடிக்கும், மற்ற இடம் கறுப்பாகவே இருக்கும். வெள்ளி கண்ணாடி மாதிரி. எதிரில் இருப்பதைத்தான் காட்டும். எதிரில் தெர்மாகோலை நிறுத்தி அதன்மேல் லைட்டை அடியுங்கள், கொலுசு உயிர் பெறும். நான் இதை ஒரு நகை விளம்பரத்தில், லைட்மேன் ஒருவர் திட்டித்தான் கற்றேன். அதே மாதம் நம் குகைப் பகுதி மாரியம்மன் திருவிழாவில் அலங்கார வண்டிகளின் ஊர்வலமான வண்டி வேடிக்கை வரும். அங்கே லைட் எதுவும் கொண்டுபோகாமல், அலங்கார விளக்கு வெளிச்சத்திலேயே முகங்களை எடுத்துப் பாருங்கள்.

மார்கழிக்கு ஏற்காடு. விடியலில் பனிமூட்டத்தை கேமராவின் ஆட்டோ மோடில் எடுத்தால் அழுக்குச் சாம்பலாக வரும், ஏனென்றால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எல்லாவற்றையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு விழட்டும். வெயில் எட்டிப் பார்த்ததும் சூரியனை எதிரே வைத்து எடுங்கள், அப்போதுதான் பனி ஒளிரும். காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள் கிட்டத்தில் கறுப்பாகவும் தள்ளத் தள்ள வெளிறியும் அடுக்கடுக்காக நிற்பதைக் கவனியுங்கள். பனியில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் வருவதால் முகம் தட்டையாக இருக்கும். ஒரு பக்கம் கறுப்புத் துணியைப் பிடித்தால் கன்னத்தில் நிழல் இறங்கும். அங்கே லைட் போட்டு அடையமுடியாததை ஒரு துணி செய்துவிடும். அப்புறம் மலை இறங்கிச் சேலத்து உச்சி வெயிலுக்கு வந்தால் வேறு கணக்கு: ஐ.எஸ்.ஓ. 800, ஷட்டர் 1/50, லென்ஸ் திறப்பு எஃப் 4 வேண்டுமென்றால் எட்டு ஸ்டாப் என்.டி. தேவை.

இடையில் சேலத்திலேயே குறும்படம் எடுக்கத் துடிக்கும் யாராவது ஒருவரோடு சேர்ந்து இரண்டு படமாவது செய்யுங்கள். இவற்றிலிருந்து உங்கள் வேலையைக் காட்டும் இரண்டு நிமிட ரீல் போதும். எனக்கு வருகிற ரீல்கள் பெரும்பாலும் ட்ரோன் ஷாட்டில்தான் ஆரம்பிக்கின்றன. நான் அங்கேயே மூடிவிடுவேன். நீங்கள் கொலுசில் ஆரம்பியுங்கள்.

சென்னையில் ஒளிப்பதிவாளர்களிடம் நேரடியாகக் கேட்பது ஒரு வழி. வாடகைக் கம்பெனியில் அட்டெண்டராகச் சேருவது இன்னொன்று. கௌரவம் பார்க்காதவர்களுக்கு இரண்டாவது வழி நல்லது, ஏனென்றால் பல ஒளிப்பதிவாளர்களின் வேலையைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். பெரிய படங்களில் சங்க கார்டு கேட்பார்கள். ஒளிப்பதிவாளர்களுக்கான சங்கம் 'சிகா', அது திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெஃப்சியின் கீழ் வருகிறது. கட்டணத்தையும் விதிகளையும் சங்க அலுவலகத்திலேயே கேளுங்கள். கார்டு வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

உதவியாளருக்கு ஆரம்பத்தில் பேட்டாவுக்கு மேல் பெரிதாக எதுவும் கிடைக்காது. அதனால் வரும் ஆவணி, தை முகூர்த்தங்களில் சம்பாதிப்பதைத் தொடாமல் வையுங்கள். சென்னையில் ஆறு மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்ந்த பிறகு பஸ் ஏறுங்கள். பழைய கேமராவை மட்டும் விற்றுவிடாதீர்கள், முகூர்த்த நாளில் ஊருக்கு வந்து இரண்டு கல்யாணம் எடுக்க வேண்டியிருக்கும்.