கடன் கொடுத்தவர் போன் செய்யும்போது: சில கேள்விகளும் என் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கடனைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், யார் என்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

வேலை போய் எட்டு மாதம் ஆகிறது, மூன்று தவணை கட்டவில்லை. "துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான்" என்று பைபிளில் 37ஆம் சங்கீதத்தில் வாசித்ததிலிருந்து தூக்கமே இல்லை. நான் துன்மார்க்கனா ஐயா?

இல்லை. அந்த வசனத்தின் பின்பாதியையும் வாசியுங்கள், "நீதிமானோ இரங்கிக்கொடுக்கிறான்" என்று வருகிறது. இரண்டு பேரின் மனசைத்தான் அங்கே எதிரெதிரே நிறுத்துகிறார்கள், அவர்கள் பையில் எவ்வளவு இருக்கிறது என்ற பேச்சே இல்லை. 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் ஒரு விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் ஓடி வருகிறாள். அவள் புருஷன் கர்த்தருக்குப் பயந்து நடந்தவர், ஆனாலும் கடனோடுதான் செத்தார், கடன் கொடுத்தவன் பிள்ளைகளை அடிமையாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். எலிசா அவளைப் பார்த்து "ஏன் வாங்கினீர்கள்" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே சமயம் கடனை ரத்தும் செய்யவில்லை. அவள் வீட்டில் இருந்த கொஞ்சம் எண்ணெய் அற்புதமாகப் பெருகியதும் அவர் சொன்னது, விற்றுக் கடனைத் தீர், மீந்ததை வைத்து நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்பதுதான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸும் இதைப் பேசியிருக்கிறார்: உடனே திருப்பித் தர இயலாதவனை அந்த இயலாமையே உடனடிக் கடமையிலிருந்து விடுவிக்கிறது, ஆனால் அவன் கொடுத்தவரிடம் போய்த் தள்ளுபடியோ தவணையோ கேட்டாக வேண்டும். நீங்கள் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது மட்டும் இல்லை.

போன் வந்தாலே கை நடுங்குகிறது. எடுப்பதில்லை. நேரில் வந்தால் "அப்பா வெளியே போயிருக்கிறார்" என்று மகளைச் சொல்ல வைக்கிறேன். வேறு வழி தெரியவில்லை.

நடுக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் மகளை இதில் இழுத்ததை இன்றே நிறுத்துங்கள். கடன் உங்களுடையது, அந்தப் பொய்யை ஏன் அவள் சுமக்க வேண்டும்? இத்தனை வருடம் இதுபோன்ற குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியதில் நான் கண்டது, கொடுத்தவருக்குப் பணம் வராத கோபத்தைவிட ஆள் அகப்படாத கோபம்தான் பெரிது. ஏமாற்றப்பட்டோம் என்று அவர் முடிவு கட்டுவது அந்த மௌனத்தில்தான். ஆகவே ஒரு தாளை எடுத்து யார் யாருக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு, மாதம் என்ன வருகிறது, சாப்பாடு, வாடகை, மருந்துக்கு என்ன போகிறது என்று எழுதுங்கள், மிச்சம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் அவர்கள் கூப்பிடுவதற்கு முன்னால் நீங்களே கூப்பிடுங்கள். "இப்போது இவ்வளவுதான் முடியும், இந்தத் தேதியில் தருகிறேன்" என்று சொல்லி, அதை எழுத்திலும் அனுப்பிவிடுங்கள். பயத்தில் "அடுத்த மாதம் முழுசாகத் தருகிறேன்" என்று மட்டும் வாய் விட்டுவிடாதீர்கள். நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பது நலம் என்கிறது பைபிளின் பிரசங்கி புத்தகம்; அது தேவனுக்குச் செய்யும் பொருத்தனையைப் பற்றியதுதான் என்றாலும் இங்கேயும் சரியாகப் பொருந்துகிறது. இன்னொன்று. மிரட்டுவதையும் அவமானப்படுத்துவதையும் பொறுத்துக்கொள்வது உங்கள் கடமையில் சேராது. உபாகமம் 24ஆம் அதிகாரம் கடன் கொடுத்தவனை அடகு வாங்க வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில் என்கிறது, மாவரைக்கும் திரிகைக்கல்லை அடகாக வாங்காதே என்கிறது. எல்லை மீறினால் சட்டப்படி புகார் கொடுங்கள், அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

கடன் இருக்கும்போது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைச் சபைக்குக் கொடுக்க வேண்டுமா? நிறுத்தினால் ஆசீர்வாதம் போய்விடும் என்கிறார்கள்.

இதில் போதகர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, நான் என் கருத்தைச் சொல்கிறேன். தவணை நாளைத் தாண்டிவிட்ட பணம் உங்கள் கையில் இருந்தாலும் இன்னொருவருடையது. அடுத்தவர் பணத்தை எடுத்துக் காணிக்கை போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு எப்படிக் கண்டித்தார் என்று மாற்கு 7ஆம் அதிகாரத்தில் பாருங்கள். கொடுக்காமல் இருக்க மனசு கேட்கவில்லையா, சிறு காசாகக் கொடுங்கள், காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையை அவர் குறைவாக நினைக்கவில்லை. ஆசீர்வாதத்தை வைத்துப் பயமுறுத்துகிறவர்களை நான் நம்புவதில்லை.

ரோமர் 13:8 "ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்" என்கிறது. அப்படியானால் கடன் வாங்குவதே பாவமா?

வாங்குவது பாவமென்றால், கடன் கேட்கிறவனுக்கு முகங்கோணாதே என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு ஏன் சொல்கிறார்? முந்தின வசனத்தில், அந்த நிருபத்தை எழுதிய பவுல் வரியையும் தீர்வையையும் பற்றிப் பேசுகிறார், யாருக்கு எது சேர வேண்டுமோ அதைப் பாக்கி வைக்காதே என்பதுதான் அங்கே பேச்சு. இதைவிட எனக்குப் பயன்பட்டது 1743இல் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தன் சங்கத்தாருக்கு வகுத்த விதி. திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பில்லாமல் கடன் வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஒரு கார்டைக் கட்ட இன்னொரு கார்டைத் தேய்க்கிறவர்கள் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

சட்டப்படி திவால் மனு போட்டால் கடன் தீர்ந்துவிடும் என்கிறார் வழக்கறிஞர். கிறிஸ்தவன் அதைச் செய்யலாமா?

செய்யலாம். ஏழாம் வருஷ முடிவில் கடனை விடுவிக்கச் சொன்ன உபாகமம் 15ஆம் அதிகாரத்தைத் தந்த தேவன், மீள முடியாதவனுக்கு ஒரு வாசல் இருப்பதை வெறுப்பவர் அல்ல. ஆனால் மனுவுக்கு முன்னால் சொத்தை மச்சான் பெயருக்கு மாற்றுவதும், திவால் ஆகத்தானே போகிறோம் என்று கடைசி நேரத்தில் இன்னும் கடன் வாங்குவதும் திருட்டு. பிற்பாடு கையில் பணம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். தன் சேமிப்பை எடுத்து நம்பிக் கொடுத்த நண்பருக்கோ உறவினருக்கோ சட்டம் விட்டாலும் கொடுத்துவிடுங்கள். வராக்கடனையும் கணக்குப் போட்டு அதற்கும் சேர்த்து வட்டி வாங்கிய நிறுவனத்தைப் பொறுத்தவரை, அதை உங்கள் மனசாட்சிக்கே விடுகிறேன், நான் பாரம் ஏற்றமாட்டேன்.

சபையில் ஒருவர் என்னிடம் வாங்கிய பணத்தைத் தரவில்லை. கேட்டால் "மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே" என்கிறார்!

நல்ல ஆள். மன்னிப்பு என்பது பணம் கொடுத்தவர் தானாக நினைத்துச் செய்ய வேண்டியது, வாங்கினவர் உரிமையாகக் கேட்கிற சமாச்சாரம் அல்ல அது. பணத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அவருக்கு உண்மையிலேயே வழியில்லை என்று தெரிந்தால் மத்தேயு 18ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இயேசு சொல்லும் கதையில் ராஜா தன் ஊழியக்காரன் ஒருவனுக்குத் தள்ளுபடி செய்த கடன் பதினாயிரம் தாலந்து, ஒரு தாலந்துக்கு ஏறக்குறைய 6,000 நாள் கூலி என்று வைத்தால் ஆறு கோடி நாள் கூலி. அப்புறம் அவன் தன் உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடித்துக் கேட்டது வெறும் நூறு நாள் கூலி.

தம்பி ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறான். மறுத்தால் அன்பில்லாதவனா?

நீதிமொழிகள் 6, 17, 22 மூன்று இடத்திலும் எச்சரிக்கைதான். ஆனால் ஒநேசிமு என்ற அடிமையின் கடனை என் கணக்கில் வை, "நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன்" என்று பவுல் அவன் எஜமானுக்குத் தன் கையாலேயே எழுதினார். அப்படி முழுத் தொகையையும் உங்களால் கட்ட முடியுமென்றால் போடுங்கள். முடியாதென்றால் கையில் இருப்பதில் கொஞ்சத்தைத் திரும்பக் கேட்காத பணமாகத் தம்பிக்குக் கொடுத்துவிடுங்கள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கொஞ்ச நாள் பேசமாட்டான், அப்புறம் சரியாகிவிடும்.