35 வருடத் திருமணம். கணவர் மாடியில் மாதிரி ரயில் அமைக்கிறார். நானும் அதில் சேரலாமா, அவர் போக்கில் விட்டுவிடலாமா?

சேருங்கள். ஆனால் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டு "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிவரும் ஆளாகச் சேராதீர்கள். உங்களுக்கென்று ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு சேருங்கள்.

கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஓய்வுபெற்ற கணவர், மாடி அறை, ஒரு பெட்டி நிறையப் பழைய ரயில்வே கால அட்டவணைகள், வர வரக் குறைந்துபோன பேச்சு. நீங்கள் எழுதியிருப்பது அப்படியே பத்து வருடத்துக்கு முந்தைய எங்கள் வீடு. நான் மதுரையில் இருக்கிறேன், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். எங்களுக்குக் கல்யாணமாகி 40 வருடம் தாண்டிவிட்டது.

எங்கள் மாடியில் இருக்கும் மாதிரி ரயிலைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் என் கணவரைப் பார்த்து, "சாருக்கு எவ்வளவு பொறுமை!" என்பார்கள். அடுத்து என் பக்கம் திரும்பி, "நீங்க எப்படிம்மா இதையெல்லாம் சகிச்சுக்கிறீங்க?" என்பார்கள். அந்த மேசையில் உள்ள தண்டவாளம் ஒவ்வோர் அங்குலமும் நான் போட்டது. அடியில் ஓடும் ஒயர் ஒவ்வொன்றும் நான் பற்றவைத்தது. மலை, மரம், வீடு, பெட்டிகளின் வண்ணம் எல்லாம் இவர் கைவேலை. அதை இவரே வந்தவர்களிடம் சொல்வார். கேட்டுச் சிரித்துவிட்டு, மறுபடியும் இவரிடமேதான் சந்தேகம் கேட்பார்கள். அந்த வலியில்தான் இதை எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். 1984-ல் ஆண்டிபட்டியில் எங்கள் கல்யாணம். அன்று சாயங்காலமே போடி வண்டியில் மதுரைக்கு, இவர் வீட்டுக்குக் கிளம்பினோம். சின்ன லைன், கரி எஞ்சின். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி மூச்சு வாங்கி ஏறியபோது என் அரக்குப் பட்டில் கரித்துகள் வந்து விழுந்தது. அதுவரை என்னிடம் நான்கு வார்த்தை பேசியிராத இவர், "தட்டாதே, தேய்ச்சா கறையாயிடும், ஊது" என்றார். என் புருஷன் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் மட்டுமே இடைவெளி உள்ள அந்த மீட்டர் கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடினார்கள், அகலப் பாதையாக மாற்றுவதற்காக. தேனி வரை வண்டி திரும்ப வந்தது 2022-ல், போடி வரை 2023-ல். பன்னிரண்டு வருடம் அந்தப் பக்கம் ரயிலே இல்லை. மாற்றியது தப்பென்று சொல்லவில்லை, வேகமான வண்டி எல்லோருக்கும் வேண்டும். ஆனால் பெயர்த்த தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று இவர் சாப்பிடவில்லை. இவருடைய அப்பா ரயில்வேயில், வண்டிக்குத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர்.

அதற்குப் பிறகு மகனைப் பார்க்கப் புனே போயிருந்தோம். அங்கே கோத்ருடில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. பாவுசாகேப் ஜோஷி என்பவர் காலமெல்லாம் சேர்த்த ஆசை, 1998-ல் மக்களுக்குத் திறந்தார்கள். ஒரு நகரத்தையே சின்னதாக்கி, கைகாட்டியும் விளக்குமாக ரயில்கள் ஓடும். இவர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு மட்டும் வேறொரு கேள்வி: இரண்டு தண்டவாளமும் மின்சாரம் கடத்துகிறதே, பாதை சுற்றி வளைந்து, போன தடத்திலேயே எதிர்முகமாகத் திரும்பி வந்து சேர்ந்தால் நேர்முனையும் எதிர்முனையும் முட்டிக்கொள்ளாதா? ஊர் திரும்பும் வழியெல்லாம் ஒரு நோட்டில் அதையே படம் போட்டுக்கொண்டு வந்தேன். இவரும் எட்டி எட்டிப் பார்த்தார். (முட்டிக்கொள்ளத்தான் செய்யும். அந்த வளையத்தைத் தனித் துண்டாகப் பிரித்து, அதற்கென்று ஒரு சுவிட்ச் போடவேண்டும்.)

உங்கள் கணவர் ஹெச்ஓ அளவில் செய்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன், பெரும்பாலோர் அதைத்தான் எடுப்பார்கள். அசலில் 87-ல் ஒரு பங்கு. மீட்டர் கேஜின் 1,000 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மி.மீ. வரும். கடையில் கிடைப்பது 12 மி.மீ. பாதை, அது போதும். நம் அகலப் பாதையின் 1,676 மி.மீ.க்கு 19 மி.மீ.க்கு மேல் வரவேண்டும். ஆனால் ஹெச்ஓ பாதை 16.5 மி.மீ.தான், உலகத்தில் வேறு பல இடங்களின் 1,435 மி.மீ. பாதைக்காக வந்த கணக்கு அது. இந்திய அகலப் பாதை வண்டி செய்கிறவர்கள் பலரும் அந்த 16.5-லேயே ஓட்டிக்கொள்கிறார்கள். இதெல்லாம் எட்டாம் வகுப்பு விகிதக் கணக்கு. மதுரையிலிருந்து போடி 90 கி.மீ., அதை 87-ஆல் சுருக்கினாலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அதனால் ஆண்டிபட்டி ஸ்டேஷன், கணவாய், அந்தப் பக்கம் உசிலம்பட்டி என்று மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். எட்டுக்கு நாலடிப் பலகை. காலம் 1984. அதனால் ஆண்டிபட்டிப் பக்கம் இப்போது தெரியும் காற்றாலைகள் எங்கள் மலைக்குப் பின்னால் கிடையாது.

பணக்காரப் பொழுதுபோக்கு என்று யாராவது கீழே எழுதுவார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு எஞ்சின் விலை அதிகம்தான். நாங்கள் வாங்கியது பழைய மீட்டர் கேஜ் எஞ்சினின் அடிப்பாகமும் சக்கரங்களும் மட்டும். மேல்கூட்டை இவர் பிளாஸ்டிக் அட்டையில் வெட்டி ஒட்டினார். ஜல்லிக்குக் கிரஷர் தூளை டீ வடிகட்டியில் சலித்தோம். ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஊசிக்குழாயால் விட்டால் ஜல்லி நகராமல் இறுகிவிடும். அந்தச் சோப்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் முத்து முத்தாக மேலேயே நிற்கும். ஆறு வருடம் மெதுவாகச் செய்தோம்.

அதில் ஒரு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. கணவாய் வளைவில் இரண்டாவது பெட்டி தினமும் தடம் புரண்டது. "உன் வளைவு சரியில்லை" என்றார் இவர். "உங்க சக்கரம் ஆடுது" என்றேன் நான். இவர் ஐந்து பெட்டியையும் கழற்றிச் சக்கர இடைவெளியை அளந்தார். எல்லாம் சரியாக இருந்தது. இரவு இவர் தூங்கியதும் நான் மேலே போய், கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளத்தின் மேல் விரலை ஓட்டினேன். ஓர் இணைப்பில் நகம் தட்டியது. இணைப்புத் தகட்டுக்குள் நுழையாமல் ஒரு தண்டவாளக் கம்பி அதன் மேல் ஏறி நின்றிருந்தது. தலைமுடி கனம்தான் இருக்கும். அதோடு மதுரை வெயிலில் கம்பி நீளும் என்று தெரிந்தும் அந்த இடத்தில் நான் இடைவெளி விட்டிருக்கவில்லை. காலையில் இவரிடம், "தப்பு என் பக்கம்தாங்க" என்றேன். இத்தனை வருடத்தில் நான் அப்படிச் சொன்ன தருணங்கள் அதிகம் இல்லை. இவர் ஒன்றும் சொல்லாமல் பற்றவைக்கும் சூட்டுக்கோலைச் சூடேற்றி என் கையில் கொடுத்தார்.

அந்த இணைப்புத் தகடுகளைக் கூரியரில் வரவழைத்த கதையையும் சொல்லியாக வேண்டும். மூன்று நாள் வீட்டிலேயே காத்திருந்தேன். மூன்று நாளும் 'வீடு பூட்டியிருந்தது' என்று செய்தி அனுப்பினார்கள். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண்ணுக்கு இப்படி ஒரு செய்தி. போன் செய்தால் தெருமுனைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு இரண்டு மாடி ஏறிவரக் காசு வாங்கிக்கொண்டுதானே பார்சலை எடுக்கிறார்கள்? மருந்து வரவழைக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். மனசு ஆறவில்லை.

சரி, 40-வது வருடத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் மண்டபம் பிடிக்கலாம் என்றார்கள். மண்டபத்தில் செய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, என் தங்கைக்கு அப்படித்தான் செய்தோம், நன்றாகவே இருந்தது. எங்களுக்கு வேறு ஆசை இருந்தது. பதினைந்து பேரை மட்டும் கூப்பிட்டோம். கேசரி, பஜ்ஜி, காப்பி. அறை சின்னது, அதனால் ஐந்தைந்து பேராக மேலே வரச்சொன்னோம்.

அந்தக் காலத்து ஒற்றைப் பாதையில், ஸ்டேஷனில் கொடுக்கும் அனுமதி அடையாளமான டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க முடியாது. ஒரு டோக்கன் வெளியே இருக்கும்வரை அந்தப் பகுதிக்கு இன்னொரு வண்டி நுழையாது. மேசையில் நாங்களும் அப்படித்தான் ஓட்டுகிறோம். ஆண்டிபட்டி என்னுடையது, உசிலம்பட்டி இவருடையது. நடுவில் மலை இருப்பதால் அடுத்தவர் பக்கத்து வண்டி தெரியாது. ஆளுக்கொரு மணி வைத்திருக்கிறோம். நான் அடித்துக் கேட்கவேண்டும், இவர் அடித்துச் சம்மதிக்கவேண்டும், அப்புறம்தான் எங்கள் டோக்கனான பித்தளை வளையம் கை மாறும். பேச்சு குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்களே, அதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் சில நாள் அந்த மணிதான் முதலில் பேசும்.

அன்று பேத்தி பச்சைக்கொடி காட்டினாள். மணி அடித்தேன், பதில் வந்தது, வண்டியை எடுத்தேன். கணவாய் ஏறும்போதுதான் கவனித்தேன். மூன்றாவது பெட்டி ஜன்னலில் புதிதாக ஓர் உருவம். செம்புக் கம்பியில் எம்-சீல் அப்பிச் செய்த, உட்கார்ந்த நிலையில் ஒரு பெண், சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது. அரக்குப் புடவை. மடியில் ஊசிமுனையால் வைத்த ஒரே ஒரு கறுப்புப் புள்ளி. மலைக்கு அந்தப் பக்கம் நின்ற இவரை நிமிர்ந்து பார்த்தேன். "ஊதிடாதே, இன்னும் காயலை" என்றார்.

உங்கள் கணவரிடம் பெட்டி நிறைய கால அட்டவணைகள் இருக்கின்றன அல்லவா? உங்கள் கல்யாண வருடத்து அட்டவணை அதில் இருக்கிறதா என்று இன்று ராத்திரி கேளுங்கள். இருந்தால், அதில் ஒரு ஸ்டேஷனை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள்.