பழைய பைக்குக்குச் சாவியில்லாப் பூட்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை 'கீலெஸ் கிட்' பற்றியவை, அதாவது சாவிக்குப் பதில் சிறு வில்லை போன்ற டேக்காலோ ரிமோட்டாலோ வண்டியை ஆன் செய்யும் கருவி. இரண்டாயிரம் ரூபாய்க்குள் வீட்டுக்கே வந்துவிடுவதால் பலர் வாங்கி, மாட்டி, வண்டி மக்கர் செய்த பிறகுதான் எழுதுகிறார்கள். சில கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

என்னிடம் 1999 மாடல் ஸ்ப்ளெண்டர் இருக்கிறது. சாவி ஸ்விட்ச் தேய்ந்துபோனதால் அதைக் கழற்றிவிட்டு, டேக் காட்டினால் ஆன் ஆகும் கிட் ஒன்றைப் பொருத்தினேன். டேக் காட்டினால் ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் வேலை செய்கின்றன. ஆனால் டேக் காட்டாமலே கிக்கரை உதைத்தாலும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. கிட் பழுதா? (ஈரோடு)

கிட் நன்றாகவே இருக்கிறது. உங்கள் வண்டியின் வயரிங்தான் நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறானது.

பழைய ஸ்ப்ளெண்டரில் தீப்பொறிக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லை. கிக்கரை உதைத்ததும் மேக்னெட் சுழன்று, அதிலுள்ள காயிலில் பிறக்கும் மின்சாரம் நேராக, பிளக்குக்குப் பொறி அனுப்பும் சிடிஐ பெட்டிக்குப் போகிறது. பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாலும் வண்டி ஓடும். அப்படியானால் சாவி என்ன செய்கிறது? ஆஃப் நிலையில் சிடிஐயிலிருந்து வரும் 'கில்' வயரை எர்த்தோடு இணைக்கிறது. மின்சாரம் அந்த வழியே எர்த்துக்குப் போய்விடுவதால் பொறி வருவதில்லை. ஆன் செய்தால் அந்த இணைப்பு விலகுகிறது, இன்ஜின் பேசுகிறது. அதாவது இந்த வண்டி எப்போதும் ஓடத் தயாராக நிற்கிறது, சாவிதான் அதன் வாயைப் பொத்தி வைத்திருக்கிறது. நீங்கள் சாவி ஸ்விட்சையே கழற்றிவிட்டீர்கள்; பொத்திய கை போய்விட்டது. கிட்டை பேட்டரி வயரில் மாட்டியதால் அது ஹாரனையும் இண்டிகேட்டரையும் மட்டும் ஆள்கிறது.

உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாத மற்றவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். சாவியை ஆஃப் செய்துவிட்டு, சாவி ஸ்விட்சிலிருந்து வரும் பிளாஸ்டிக் கனெக்டரைப் பிரியுங்கள். நியூட்ரலில் வைத்துக் கிக்கரை உதையுங்கள். ஸ்டார்ட் ஆனால் அது எர்த் செய்து அணைக்கும் வகை. ஆகாவிட்டால் பேட்டரியில் ஓடும் வகை. கிட் வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய சோதனை இது. பத்து நிமிட வேலை, செலவில்லை.

சரி, தீர்வு. ஐந்து கால் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) ஒன்று வாங்குங்கள்; ஒவ்வொரு காலிலும் எண் போட்டிருக்கும். கிட்டிலிருந்து வரும் மின்சாரம் ரிலேயின் காயிலுக்கு (85, 86). 30-ஐ எர்த்தில் கொடுங்கள். கில் வயரை 87ஏ காலில் கொடுங்கள். ரிலேக்கு மின்சாரம் இல்லாதபோது 30-ம் 87ஏ-வும் ஒட்டியிருக்கும். இன்ஜின் அணைந்தே இருக்கும். டேக் காட்டினால் ரிலே இழுத்துக்கொண்டு எர்த்தை விலக்கும். கில் வயரை நேராகக் கிட்டின் சர்க்யூட் போர்டில் கொடுத்துவிடாதீர்கள். கில் வயரில் வரும் மின்னழுத்தம் நூறு வோல்ட்டைத் தாண்டும். பன்னிரண்டு வோல்ட் போர்டு ஒரு உதையில் கருகும்.

இதற்கு ஒரு விலை உண்டு. இதுவரை பேட்டரி செத்தாலும் ஓடிய வண்டி, இனி பேட்டரி செத்தால் நின்றுவிடும். ஃபியூஸ் போனாலும் நிற்கும். தொழிலின் ஆரம்ப காலத்தில் இப்படி ஒரு வண்டிக்கு மாட்டிக்கொடுத்தேன். மலிவான ஃபியூஸ் ஹோல்டர் ஒன்றைப் போட்டிருந்தேன். லாரியை முந்தும்போது அது குலுங்கித் தளர்ந்து, இன்ஜின் நடுச்சாலையில் அணைந்துவிட்டது. வண்டிக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் வந்து பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து இந்த இணைப்பில் ஒவ்வொரு மூட்டையும் ஈயம் வைத்துப் பற்றவைக்கிறேன். வயரை முறுக்கி டேப் சுற்றுவது கிடையாது.

"ரிலேயைத் திருப்பிப் போட்டு, நிறுத்தியிருக்கும்போது மின்சாரம் கொடுத்து எர்த் செய்தால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். கணக்குப் போடுங்கள். சாதாரண ரிலே காயில் சுமார் 0.15 ஆம்பியர் இழுக்கும். கிக்கர் ஸ்ப்ளெண்டரின் பேட்டரி 2.5 ஆம்பியர்-மணி. பதினேழு மணி நேரத்தில் காலி. சனிக்கிழமை மாலை நிறுத்தினால் ஞாயிறு மதியம் பேட்டரியும் இல்லை, பூட்டும் இல்லை. திருடன் பேட்டரி வயரைப் பிடுங்கினால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

1988 புல்லட், காஸ்ட் அயர்ன் இன்ஜின். இக்னிஷன் பூட்டில் எந்தச் சாவியைப் போட்டாலும் திரும்புகிறது. அருகில் போனாலே ஆன் ஆகிற கிட் பொருத்தலாமா? (மதுரை)

பிளாட்டினம் பாயிண்ட் (இன்ஜின் சுழலும்போது திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடர்பு) உள்ள புல்லட்டுக்குப் பேட்டரி மின்சாரம் இருந்தால்தான் பொறி. ஆகவே ஈரோட்டுக்காரரின் தலைவலி உங்களுக்கு இல்லை. இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரை இடையில் வெட்டி ரிலே போட்டாலே போதும்.

ஆனால் "அருகில் போனாலே ஆன்" என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் வண்டியில் இன்ஜின் நிற்கும்போது பாயிண்ட் மூடிய நிலையில் நின்றுவிட்டால், இக்னிஷன் ஆனாக இருக்கும் நேரமெல்லாம் காயில் வழியாக மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஹெட்லைட் மேலுள்ள ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள்: முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும், கிக்கரை மெல்ல மிதித்துப் பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். இப்போது வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு வெளியே புல்லட், ஜன்னலுக்கு உள்ளே ஆணியில் சட்டை, சட்டைப் பையில் டேக். இரவு முழுக்க இக்னிஷன் ஆன். காலையில் காயில் சூடேறிக் கெட்டிருக்கும், பேட்டரி படுத்திருக்கும். டேக் அருகில் இருந்தாலும் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் ஆன் ஆகும், சில நிமிடம் இன்ஜின் ஓடாவிட்டால் தானே அணையும் என்ற வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

அதற்கும் முன்னால் அந்தப் பூட்டை மாற்றுங்கள். அப்படியே ஹேண்டில் பூட்டும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பழைய புல்லட்டில் அது தனிச் சாவி. பல வண்டிகளில் அந்தச் சாவி தொலைந்து பல வருடம் ஆகியிருக்கும், சொந்தக்காரருக்கு அப்படியொரு பூட்டு இருப்பதே மறந்திருக்கும்.

ஆக்டிவாவில் இருப்பதுபோல என் ஆர்எக்ஸ் 100-க்கும் ஸ்மார்ட் கீ செய்ய முடியுமா? பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆக வேண்டும். (சேலம்)

ஸ்டார்ட் ஆகாது. உங்கள் வண்டியில் செல்ஃப் மோட்டாரே இல்லை. கிட்டோடு வரும் 'ஸ்டார்ட்' பட்டன் மின்சாரத்தைத் திறந்துவிடும், உதைப்பது உங்கள் வலது காலின் வேலைதான். செல்ஃப் மோட்டார் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் இன்ஜின் கேஸை வெட்டப்போகிறார் என்று பொருள், விலகிவிடுங்கள்.

இன்னொரு வித்தியாசம் இதைவிட முக்கியம். 2023 ஜனவரியில் வந்த ஆக்டிவா எச்-ஸ்மார்ட்டில் ஸ்மார்ட் கீ பையில் இருந்தால் குமிழைத் திருகியே ஹேண்டில் பூட்டையும் போடலாம், எடுக்கலாம். கடையில் வாங்கும் மலிவான கிட்கள் பெரும்பாலும் ஹேண்டிலைப் பூட்டாது. சாவி ஸ்விட்சைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தத் துளையில் பட்டனை வைக்கிறவர்கள் ஹேண்டில் பூட்டையும் சேர்த்தே எறிகிறார்கள். ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-ல் நின்றுவிட்டது. அதன் டேங்குக்கும் சைலன்சருக்கும்கூடத் தனி மவுசு இருக்கிறது. திருடுகிறவன் அதை ஓட்டிக்கொண்டுதான் போகவேண்டும் என்பதில்லை. தள்ளிக்கொண்டு போகலாம், இரண்டு பேர் சேர்ந்து தூக்கி மினி வேனில் வைக்கலாம். இன்ஜினை அணைக்கும் எந்தக் கருவியும் அதைத் தடுக்காது. பழைய சாவியும் இருக்கட்டும், கிட் அதற்கு மேல் இரண்டாவது தடையாக இருக்கட்டும்.

டேக் நல்லதா, ரிமோட் நல்லதா? (திருச்சி)

என் ஓட்டு டேக்குக்கு. டேக் சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் படிக்கப்படும், அதற்குப் பேட்டரி தேவையில்லை, மழையில் நனைந்தாலும் வேலை செய்யும். மலிவான ரிமோட்டுகள் 433 மெகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை ஒலிபரப்புகின்றன. பக்கத்தில் நின்று ஒருமுறை பதிவு செய்துகொண்டால் மறுபடி ஒலிக்கவிடலாம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறும் 'ரோலிங் கோடு' என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தால் பரவாயில்லை. மலிவான டேக்கையும் நகலெடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் அதற்கு டேக்கைக் கையில் வாங்கவேண்டும் அல்லது ஒட்டி நிற்கவேண்டும்.

டேக் படிக்கும் வளையத்தை இரும்புத் தகட்டுக்கு அடியில் ஒளித்தால் படிக்காது. பிளாஸ்டிக் சைடு பாக்ஸின் உட்புறம் நல்ல இடம். வெளியில் எதுவும் தெரியாது.

அலாரம் மாட்டியதிலிருந்து தினமும் இரவு இரண்டு மணிக்கு அலறுகிறது. தெருவே திட்டுகிறது. (நாகர்கோவில்)

உணர்திறனைக் குறையுங்கள். கிட் பெட்டியில் சிறிய திருகு இருக்கும், அல்லது ரிமோட்டில் அளவு மாற்றலாம். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி காற்றுக்கு ஆடும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சென்சரைப் பஞ்சில் சுற்றாமல் சட்டத்தோடு இறுக்கிக் கட்டுங்கள். இவ்வளவு செய்தும் அலறினால் கழற்றிவிடுவது நல்லது. ஏழு நாள் பொய்யாக அலறினால் எட்டாம் நாள் உண்மையாக அலறும்போது யாரும் ஜன்னலைத் திறக்கமாட்டார்கள், நீங்கள் உட்பட.

வாடகை வீடு, வண்டியைத் தெருவில்தான் நிறுத்த முடியும். பழைய ஸ்ப்ளெண்டர். அதிகம் செலவழிக்க முடியாது. எதை முதலில் வாங்குவது? (சென்னை)

தடித்த சங்கிலியும் நல்ல பூட்டும். எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் அப்புறம். டிஸ்க் லாக் வாங்கிவிடாதீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது டிரம் பிரேக், அதை மாட்ட இடமில்லை.

சங்கிலி போடும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். முன்சக்கரத்தில் மட்டும் சுற்றுகிறார்கள். சக்கரத்தைக் கழற்றிவிட்டு வண்டியைத் தூக்கலாம். பின்சக்கரத்தையும் அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் சேர்த்துச் சுற்றி, முடிந்தால் கேட் கம்பி அல்லது தூண் ஒன்றோடு பிணையுங்கள். சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. தரை பட்டறைக்கல் ஆகிவிடும். சுத்தியலால் அடித்தால் உடையும். அந்தரத்தில் தொங்கும் சங்கிலி அடிக்கு நழுவும். பூட்டின் துளை கீழ்நோக்கி இருக்கட்டும், மழைநீர் இறங்காது.

செலவே இல்லாத இரண்டு. டேங்குக்கு அடியிலுள்ள பெட்ரோல் திருகை (காக்) மூடிவிட்டு இறங்குங்கள். கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்ததும் வண்டி தெருமுனையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் நின்றுவிடும். வெளியூர் போவதானால் ஸ்பார்க் பிளக்கையே கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். துளையைத் துணியால் அடைக்க மறக்கவேண்டாம்.

வண்டியில் ஜிபிஎஸ் மாட்டலாமா? அல்லது ஏர்டேக் போதுமா? (கோவை)

ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்டேக், தொலைந்த பொருளைத் தேட உதவும் சிறு வில்லை; அது சாவிக்கொத்துக்கு ஏற்றது. அருகில் யாருடைய ஐபோன் போன்ற ஆப்பிள் கருவியாவது இருந்தால்தான் இடம் சொல்லும். அதோடு, தெரியாத டேக் ஒன்று கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கே எச்சரிக்கை அனுப்பும். பின்தொடர்ந்து தொல்லை தருவதைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது, குறை சொல்ல முடியாது.

ஜிபிஎஸ் கருவி வாங்கினால் அது எந்த நெட்வொர்க்கில் ஓடுகிறது என்று கேளுங்கள். மலிவானவை 2ஜி, ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. அடுத்தது பேட்டரி. தூக்க நிலையில் 10 மில்லிஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர்-மணி. சிறிய கிக்கர் பேட்டரி பத்து நாளில் காலி. தினமும் ஓட்டுகிற வண்டிக்குக் கவலையில்லை. ஞாயிறுதோறும் துடைத்து மட்டும் வைக்கிற வண்டிக்கு வேண்டாம்.

கீலெஸ் மாட்டிய வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸ் கிடைக்குமா? (தஞ்சாவூர்)

முதலில் உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். பழைய பைக் வைத்திருக்கும் பலர் மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே எடுத்திருப்பார்கள். அதில் திருட்டுக்கு ஒரு ரூபாயும் வராது. கீலெஸ் கேள்வியே எழாது.

முழுக் காப்பீடு இருந்தால், ஐந்து வருடம் கடந்த வண்டிக்கு மதிப்பை நீங்களும் நிறுவனமும் பேசித்தான் முடிவு செய்யவேண்டும், புதுப்பிக்கும்போதே பேசுங்கள். கருவி மாட்டியதை எழுத்தில் தெரிவியுங்கள். திருட்டுக்குப் பிறகு இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஸ்விட்சை மாற்றினாலும் பழைய சாவிகளைக் குப்பையில் போடாமல், மாற்றியதற்கான ரசீதோடு வைத்திருங்கள். வண்டி போனால் அன்றே காவல் நிலையத்தில் எஃப்ஐஆர். அது உடனே பதிவாகியிருந்தால், நிறுவனத்துக்குச் சொல்லத் தாமதமானது என்ற ஒரே காரணத்தால் கோரிக்கையை நிராகரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது. அதற்காக ஆறப்போடாதீர்கள், அன்றே அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

இன்றே செய்யக்கூடிய ஒன்று: ஹேண்டில் கழுத்துப் பகுதியில் சேஸிஸ் எண் அடித்திருக்கும். அழுக்கைத் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பதிவு எடுத்து ஆர்சி புத்தகத்தோடு வையுங்கள். ஃபோட்டோவும் எடுங்கள். டேங்கிலுள்ள ஒடுக்கு, நீங்களே வைத்த வெல்டிங் போன்ற அடையாளங்களைச் சேர்த்து எடுங்கள்.

ரகசிய ஸ்விட்ச் ஒன்று வைக்கலாம் என்றிருக்கிறேன். எந்த இடம் சிறந்தது? (திண்டுக்கல்)

இங்கே அச்சிட்டால் அது ரகசியமாக இருக்காதே! பொதுவாக மட்டும் சொல்கிறேன். சீட்டுக்கு அடியில் வேண்டாம், எல்லோரும் அங்கேதான் வைக்கிறார்கள். சக்கரம் வாரி இறைக்கும் சேறும், வாட்டர் சர்வீஸ் பீய்ச்சும் தண்ணீரும் படாத இடமாகப் பாருங்கள். குனியாமல், தேடாமல், பழக்கத்தில் கை தானே போகும் தூரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் போடுவதையே விட்டுவிடுவீர்கள்.

வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். சென்ற வருடம் ஒருவர் ஓடாத வண்டியை மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். பிளக் மாற்றினேன், சிடிஐ மாற்றிப் பார்த்தேன், கார்புரேட்டரைப் பிரித்தேன். அரை நாள் போனது. மாலையில் அவருடைய அப்பா வந்தார், டேங்குக்கு அடியில் கையை விட்டு ஒரு 'டிக்', ஒரே உதையில் வண்டி ஸ்டார்ட் ஆனது. அரை நாள் கூலியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.