கிளைடரை இழுத்துச் செல்லும் விமானம் ஏன் திடீரென்று குப்புறக் கவிழ்கிறது?

ஓமலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: எஞ்சின் நன்றாக ஓடும்போதே, கிளைடரை (எஞ்சின் இல்லாத விமானத்தை) இழுக்கும் விமானம் தலைகுப்புற விழுந்து விமானி இறப்பது எப்படி?

ஏற்காடு மலைப்பாதையில் பழுதான வேனைக் கயிறு கட்டி இழுத்தால், அது இடம் வலமாகத்தான் விலகும். வானத்தில் கிளைடர் மேலேயும் விலகும், ஆபத்து அங்கேதான். கயிறு சுமார் 50 மீட்டர், இழுக்கும் விமானத்தின் வாலில் மாட்டியிருக்கும். கிளைடர் சட்டென்று மேலேறினால் கயிறு வாலை மேலே தூக்கும், மூக்கு கீழே போகும். விமானி கட்டுப்பாட்டுக் குச்சியை முழுக்கப் பின்னுக்கு இழுத்தாலும், எலிவேட்டரால் (மூக்கை ஏற்றி இறக்க வாலில் இருக்கும் அசையும் தகடு) அந்த இழுவையை வெல்ல முடியாது. எல்லாம் இரண்டு மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும். சில நூறு அடி உயரத்தில் இது நடந்தால், கயிறு விடுபட்டாலும் மூக்கை நிமிர்த்த உயரம் போதாது.

இழுக்கும் விமானத்தின் விமானியிடமும் கயிற்றைக் கழற்றும் பிடி உண்டு. ஆனால் உடல் பெல்ட்டை மீறி மேலே தூக்கப்படும்போது கை அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். சில வகைக் கொக்கிகள் மேல்நோக்கிய இழுவையில் இறுகிக்கொள்ளும்; அது கொடுமை.

கிளைடரில் கொக்கி மூக்கில் இல்லாமல் வயிற்றுப் பக்கம் இருந்தால் மேலேறும் போக்கு அதிகம். எடை குறைந்த கிளைடர், குட்டைக் கயிறு, சுழல்காற்று, அனுபவக் குறைவு எல்லாம் சேர்ந்தால் இன்னும் மோசம். பலவீன இணைப்பு (இழுவை அளவு மீறினால் அறுந்துபோகும்படி கயிற்றில் வைக்கும் துண்டு) காப்பாற்றும் என்று நம்பியிருக்காதீர்கள். அது அறுவதற்கு முன்பே வால் தூக்கிவிடலாம்.

கிளைடர் விமானிக்கு விதி ஒன்றுதான்: முன்னால் போகும் விமானம் கண்ணிலிருந்து மறைந்த நொடியே, கயிற்றைக் கழற்றும் மஞ்சள் பிடியை இழுத்துவிட வேண்டும்.