ரூட் செய்த போனுக்கு அப்டேட் வந்தால்… வாசகர் கேள்விகள்

கேள்வி: பிக்சல் 7 வைத்திருக்கிறேன். மேஜிஸ்க் போட்டு ரூட் செய்திருக்கிறேன். மாதாந்திர அப்டேட் வந்து நிற்கிறது. இன்ஸ்டால் கொடுத்தால் பாதியில் நிறுவ முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. ரூட்டை எடுத்துவிட்டுப் போட்டால் ஏறுமா? போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் அழிந்துவிடுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: ஏறும். அழியாது. ஆனால் எதை முதலில் செய்கிறீர்கள், எதை அடுத்துச் செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

புதியவர்களுக்கு ஒரு வரி: கம்பெனி பூட்டி வைத்திருக்கும் முழு அதிகாரத்தையும் போனில் நாமே எடுத்துக்கொள்வதுதான் ரூட். அதைச் செய்து தரும் ஆப் மேஜிஸ்க். முதலில் ஏன் நிற்கிறது என்று பார்த்துவிடலாம். உங்கள் போனுக்கு வரும் மாதாந்திர அப்டேட் முழு சாஃப்ட்வேர் அல்ல. பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும். கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடுவது மாதிரி. ஒட்டுவதற்கு முன், கீழே இருக்கும் துணி கம்பெனி கொடுத்த அதே துணிதானா என்று போன் சரிபார்க்கும். 2014இல் ஆண்ட்ராய்டு 5 வரும்வரை இந்தச் சோதனை கோப்பு கோப்பாக நடந்தது. அதன்பிறகு சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷன், அதாவது நினைவகப் பகுதி, முழுவதையும் கட்டம் கட்டமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறது. அதனால்தான், சிஸ்டம் பகுதியில் ஒரு கோப்பை அழித்துவிட்டு அதே கோப்பைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாலும் அப்டேட் ஒப்புக்கொள்ளாது. எழுதும் அனுமதியோடு அந்தப் பகுதியை ஒரு தடவை திறந்து மூடினாலே போதும், கணக்கு இடிக்கும்.

மேஜிஸ்க் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. சிஸ்டத்தைத் தொடாது. போன் எழும்போது முதலில் ஓடும் பூட் இமேஜில் மட்டும் கைவைக்கும். பிக்சல் 7 போல ஆண்ட்ராய்டு 13உடன் வெளிவந்த போன்களில் இனிட் பூட் என்ற சிறு பகுதியில். அந்த ஒன்றைப் பழையபடி ஆக்கினால் சோதனையில் போன் தேறிவிடும்.

அப்டேட்டைத் தொடும் முன், மேஜிஸ்க் ஆப்பில் போட்டிருக்கும் மாட்யூல்களை (கூடுதல் வசதிக்கான சிறு இணைப்புகள்) எல்லாம் நிறுத்துங்கள். புதிய வெர்ஷனுக்குப் பொருந்தாத ஒரே ஒரு மாட்யூல் போதும், போன் லோகோவிலேயே நின்றுவிடும். பிறகு அதே ஆப்பில் அன்இன்ஸ்டால் என்பதை அழுத்துங்கள். இரண்டு வழி காட்டும்: இமேஜை மட்டும் பழையபடி ஆக்குவது, முழுதாக நீக்குவது. முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் போனை அணைத்துப் போட்டுவிடாதீர்கள். ஆன் ஆன நிலையிலேயே செட்டிங்ஸுக்குப் போய் அப்டேட்டைக் கொடுங்கள். பத்து நிமிடமோ அரை மணியோ ஓடும். கடைசியில் ரீஸ்டார்ட் பட்டன் வந்து நிற்கும்.

பலர் கவிழ்வது அந்தப் பட்டனில்தான். கை பரபரக்கும். அழுத்தாதீர்கள்.

பிக்சலில் சிஸ்டம் இரண்டு பிரதியாக இருக்கிறது. ஏ, பி என்று இரண்டு ஸ்லாட். ஏ ஓடிக்கொண்டிருக்கும்போது பி-யில் அப்டேட் உட்காரும். இப்போது மேஜிஸ்க்குக்குத் திரும்பி, இன்ஸ்டால் என்பதற்குள் 'செயல்படாத ஸ்லாட்டில் நிறுவு, அப்டேட்டுக்குப் பின்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை அழுத்துங்கள். மேஜிஸ்க்கே ரீபூட் கேட்கும், கொடுங்கள். புதிய வெர்ஷன், ரூட்டோடு எழுந்து வரும். அவசரப்பட்டு ரீஸ்டார்ட்டை அழுத்தியிருந்தாலும் குடி முழுகிவிடாது. ரூட் போயிருக்கும், அவ்வளவுதான். அந்த வெர்ஷனின் இனிட் பூட்டை எடுத்து முதல் தடவை செய்தது மாதிரியே மேஜிஸ்க்கில் பேட்ச் செய்து, அதாவது ரூட்டைச் சேர்த்து, ஏற்றிக்கொள்ளலாம்.

இமேஜைப் பழையபடி ஆக்கச் சொன்னால், ஒரிஜினல் பேக்கப் இல்லை என்று மேஜிஸ்க் கைவிரிப்பதும் உண்டு. அப்போது உங்கள் போனில் இப்போது ஓடும் அதே பில்ட் நம்பர் (சாஃப்ட்வேரின் அடையாள எண்) கொண்ட பேக்டரி இமேஜை, அதாவது கம்பெனியின் முழு சாஃப்ட்வேரை, கூகுள் தளத்திலிருந்து இறக்கி, அதிலிருக்கும் இனிட் பூட்டை கம்ப்யூட்டர் வழியாக ஏற்றினால் போதும். ஆண்ட்ராய்டு வெர்ஷன் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது; பில்ட் நம்பர் கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும்.

இன்னொன்று. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் தானியங்கி சிஸ்டம் அப்டேட்டை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் தூங்கும்போது அதுவே ஏதாவது செய்து வைக்கும்.

கேள்வி: என் பழைய ரெட்மியில் அப்டேட் போட்டேன், ரூட் போய்விட்டது. கம்ப்யூட்டரில் வைத்திருந்த பேட்ச் செய்த பைலையே மறுபடி போனில் ஏற்றினேன் (பிளாஷ் அடித்தேன்). போன் ஆன் ஆகிறது, ரூட்டும் இருக்கிறது. ஆனால் வைஃபை ஆன் ஆகவே மாட்டேன் என்கிறது, சத்தமும் வரவில்லை. போர்டு போய்விட்டதா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரர் ஐசி மாற்ற வேண்டும் என்று சொன்னால் போனைக் கையில் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

உங்கள் ரெட்மி போன்ற பழைய மாடல்களில் பூட் இமேஜுக்குள்ளேதான் கெர்னலும் (சாஃப்ட்வேரையும் போனின் பாகங்களையும் இணைக்கும் மையப் பகுதி) இருக்கும். சிஸ்டம் புதியது, அதற்கு மேல் நீங்கள் வைத்த கெர்னல் பழையது. வைஃபையை ஓட்டும் டிரைவர்களுக்கும் கெர்னலுக்கும் வெர்ஷன் ஒத்துப்போகவில்லை என்றால் வைஃபை பட்டன் ஒரு நொடி நகர்ந்து திரும்பிவிடும். புதிய வெர்ஷனின் முழு சாஃப்ட்வேரை இறக்கி, அதிலிருக்கும் பூட் இமேஜைப் புதிதாக பேட்ச் செய்து ஏற்றுங்கள். பழைய பைலை இன்றே அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த அப்டேட்டிலும் இதையேதான் செய்வீர்கள். எனக்குத் தெரியும்; நானும் இரண்டு தடவை செய்திருக்கிறேன்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு போன் வாங்கினேன். ரூட் எல்லாம் எடுத்துவிட்டேன், பக்கா ஒரிஜினல் என்று சொல்லிக் கடையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து வங்கி ஆப் போட்டால் இந்தச் சாதனத்தில் இயங்காது என்கிறது. கேட்டால், ரூட்தான் இல்லையே, உங்கள் வங்கியைக் கேளுங்கள் என்கிறார்கள். நான் என்ன செய்வது? (மதுரை வாசகி)

பதில்: கடைக்காரர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, பாதி உண்மையாக இருக்கலாம். அதுதான் தொல்லை.

ரூட் என்பது ஒன்று. பூட்லோடர் அன்லாக் என்பது வேறு. போன் ஆன் ஆகும்போது எந்த சாஃப்ட்வேரை உள்ளே விடலாம் என்று பார்க்கும் வாசல்காவல்தான் பூட்லோடர். ரூட் செய்ய முதலில் அந்தக் காவலை விலக்க வேண்டும். பிறகு ரூட்டை எடுத்துவிட்டால், உள்ளே வந்த ஆள் போய்விட்டார், கதவு திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். வங்கி ஆப்கள் பல, கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனை மூலம் அந்தக் கதவைப் பார்க்கின்றன. புதிய போன்களில் இந்தப் பதிலை ஆண்ட்ராய்டு சொல்வதில்லை, சிப்புக்குள் இருக்கும் தனிப் பாதுகாப்புப் பகுதி கையெழுத்திட்டுச் சொல்கிறது. அன்ரூட் செய்தும் வங்கி ஆப் ஓடவில்லை என்று எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான்.

நீங்களே பார்த்துவிடலாம். போனை அணைத்து ஆன் செய்யுங்கள். பூட்லோடர் திறந்திருந்தால் பிக்சலில் கம்பெனி லோகோவுக்கு முன்பே ஓர் எச்சரிக்கைத் திரை வரும். ஷாவ்மியில் லோகோவோடு திறந்த பூட்டின் படம் தெரியும். செகண்ட் ஹேண்ட் விற்பவர்கள் போனை ஏற்கெனவே ஆன் செய்து, கேமராவைத் திறந்து காட்டித்தான் கையில் கொடுப்பார்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அடுத்த தடவை அங்கேயே அணைத்துப் போடச் சொல்லுங்கள். அடுத்து, பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் 'அறிமுகம்' பகுதிக்குள் பிளே புரொடெக்ட் சான்றிதழ் என்று ஒரு வரி உண்டு. சாதனம் சான்று பெற்றது என்று இருக்க வேண்டும். *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண்ணும் (போனின் தனி அடையாள எண்) பெட்டியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது எந்த மாடலின் எண் என்று தொலைத்தொடர்புத் துறை சொல்லும். ஐஎம்இஐயை மாற்றுவது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் உள்ள குற்றம். அப்படி மாற்றிய போன் உங்கள் கையில் இருப்பது நல்லதல்ல.

கதவை நீங்களே பூட்டலாமா என்று கேட்பீர்கள். பூட்டலாம், ஆனால் உள்ளே இருப்பது முழுக்க முழுக்கக் கம்பெனி சாஃப்ட்வேர் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும்போது பூட்டினால், காவலாளி எதையும் உள்ளே விடமாட்டார், போன் எழுந்திருக்காது. பூட்டும்போது போனில் உள்ள எல்லாம் அழியும் என்பதையும் மறக்க வேண்டாம். சீனாவில் விற்ற ஷாவ்மி போனில் குளோபல் சாஃப்ட்வேர் ஏற்றி இங்கே விற்பார்கள். அதைப் பூட்டினால், இந்தச் சாஃப்ட்வேரை இந்தச் சாதனத்தில் நிறுவ முடியாது என்ற திரையோடு நின்றுவிடும். ஷாவ்மியின் பிளாஷ் கருவியில் 'எல்லாம் அழித்துப் பூட்டு' என்ற தேர்வு தானாகவே டிக் ஆகியிருக்கும். கீழே வலது மூலையில், கண்ணில் படாத இடத்தில். எத்தனை போன்களைத் தின்றிருக்கிறதோ!

ஆக, பூட்டிக் கொடுக்க வேண்டியது கடைக்காரர் வேலை. பக்கா ஒரிஜினல் என்று சொன்னதை வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்குங்கள், வங்கி ஆப் காட்டும் திரையைப் படம் எடுத்து வையுங்கள். மாற்றித் தரவோ பணம் தரவோ மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பில் இருக்கிறதுதானே? கடையில் வாங்காமல் யாரோ தனி ஆளிடம் கைமாற்றாக வாங்கியிருந்தால் இந்த வழி எடுபடுவது கடினம்.

கேள்வி: சாம்சங் போன், வாரன்டி இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ரூட் செய்திருந்தேன். அன்ரூட் செய்து, ஓடின் (சாம்சங் போனில் சாஃப்ட்வேர் ஏற்றும் கம்ப்யூட்டர் புரோகிராம்) வழியாக ஒரிஜினல் சாஃப்ட்வேரும் ஏற்றிவிட்டேன். இப்போது சார்ஜ் ஏறவில்லை. சர்வீஸ் சென்டரில் கண்டுபிடிப்பார்களா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: பார்த்த மாத்திரத்தில். சாம்சங்கில் நாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. கம்பெனி கையெழுத்து இல்லாத சாஃப்ட்வேர் ஏறியதும் சிப்புக்குள் மின்சாரத்தால் எரிந்துபோகும் ஒரு சிறு பியூஸ். வீட்டு பியூஸ் போல மாற்ற முடியாது. சாஃப்ட்வேர் ஏற்றுவதற்கான டவுன்லோட் மோடில் போய்ப் பாருங்கள், வாரன்டி வரியில் சைபர் இருந்த இடத்தில் ஒன்று என்று நிற்கும். எத்தனை தடவை ஒரிஜினல் ஏற்றினாலும் அது ஒன்றுதான். சாம்சங் பேயும் செக்யூர் போல்டரும் அந்தப் போனில் இனி வராது. விற்கும்போது வாங்குபவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

வாரன்டிக்கு வருவோம். சாஃப்ட்வேரில் கைவைத்தால் பொறுப்பல்ல என்று வாரன்டி அட்டையில் எழுதியிருப்பார்கள். ஆனால் சார்ஜிங் பின் தேய்ந்ததற்கும் ரூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க உங்களுக்கு வாய் இருக்கிறது. கேளுங்கள். மறுத்தால், என்ன காரணத்துக்காக மறுக்கிறோம் என்பதை ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பேச்சு மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். எழுதிக் கொடுத்துவிட்டாலும் நஷ்டமில்லை, 1915க்குப் போக அதுதான் காகிதம். ஒன்று மட்டும் வேண்டாம்: நான் ரூட்டே செய்யவில்லை என்று சாதிக்காதீர்கள். பியூஸ் பேசும்.

இனி அப்டேட் பற்றியும் கேட்பீர்கள். பூட்லோடர் திறந்து ரூட் செய்த சாம்சங்குக்கு அப்டேட் தானாக வராது. முழு சாஃப்ட்வேரை இறக்கி ஓடினில்தான் போட வேண்டும். அங்கே சிஎஸ்சி (நாட்டுக்கேற்ற அமைப்புகள்) என்று இரண்டு கோப்பு இருக்கும். ஹோம் என்று பெயர் தொடங்குவதைப் போட்டால் உங்கள் தகவல்கள் தங்கும், மற்றதைப் போட்டால் போன் வெறுமையாகும்.

கேள்வி: போன் வாங்கியபோதே கூடவே வந்த விளம்பர ஆப்கள் தொல்லை தாங்கவில்லை. ரூட் செய்து எடுத்துத் தருகிறேன், 500 ரூபாய் என்கிறார் தெருமுனைக் கடைக்காரர். செய்யலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: வேண்டாம். அதற்கு ரூட்டே தேவையில்லை. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கம்ப்யூட்டரில் கூகுள் இலவசமாகத் தரும் ஏடிபி கருவி மூலம் அந்த ஆப்களை போனில் உங்கள் பயனர் கணக்கிலிருந்து மட்டும் நீக்கிவிடலாம். சிஸ்டம் பகுதி அப்படியே இருக்கும், அப்டேட் வழக்கம்போல வரும், வங்கி ஆப் முறைக்காது. பெயர் தெரியாத ஆப்களை மட்டும் தொடாதீர்கள். என் பக்கத்து வீட்டுப் பையன் ஆர்வக்கோளாறில் கீபோர்டையே நீக்கிவிட்டு, அதைத் திரும்ப வைக்க பிளே ஸ்டோரில் தேட எதைக் கொண்டு டைப் செய்வது என்று தெரியாமல் என்னிடம் வந்து நின்றான்.