இடுப்பு மூட்டு மாற்று அறுவை: படுக்க வைப்பதும் கப் வைக்கும் கோணமும் – கேள்வி பதில்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்யும் மருத்துவராக, வந்திருக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். கப் என்பது இடுப்பெலும்பின் கிண்ணக்குழியில் பொருத்தும் செயற்கைக் கிண்ணம். தனிப்பட்ட எக்ஸ்ரேயைப் பார்த்து இங்கே கருத்துச் சொல்ல மாட்டேன். உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான் அதைச் சொல்ல வேண்டும்.

முதுநிலை மாணவர்: சார், பக்கவாட்டில் படுக்க வைத்து, கப்பைத் தரையிலிருந்து 45 டிகிரியில்தான் அடித்தோம். எக்ஸ்ரேயில் 52 காட்டுகிறது. எப்படி?

தம்பி, முதலில் நீங்கள் அளந்ததும் எக்ஸ்ரே காட்டுவதும் ஒரே கோணம் அல்ல. 1993-ல் எலும்பு அறுவை மருத்துவர் முர்ரே இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். மேஜையில் 45 டிகிரி சாய்வும் (கப் எவ்வளவு செங்குத்தாக நிற்கிறது என்பது) 20 டிகிரி முன்திருப்பமும் (கப்பின் வாய் எவ்வளவு முன்னோக்கிப் பார்க்கிறது என்பது) வைத்தால், இடுப்பு அசையாமல் இருந்தாலே படத்தில் ஏறக்குறைய 47 வரும்.

மீதி 5 டிகிரி இடுப்பெலும்பிலிருந்து வந்திருக்கலாம். மேல்பக்க இடுப்பு பாதத்தின் பக்கமாகச் சரிந்திருந்தால், சரிந்த அளவு அப்படியே கப்பின் சாய்வில் கூடும். அதனால்தான் பக்கவாட்டு நிலையில் பலரும் 35 முதல் 40-க்குள் குறிவைக்கிறார்கள்.

இதைவிட ஆபத்தானது முன்பக்கம் உருள்வது. பின்வழி அறுவையில் தொடை எலும்பை முன்னால் தள்ளிப் பிடிக்கும் ரிட்ராக்டர் இடுப்பையும் சேர்த்து இழுக்கும். நீங்கள் தரையைப் பார்த்து 20 டிகிரி முன்திருப்பம் கொடுத்ததாக நினைப்பீர்கள். ரிட்ராக்டரை எடுத்து இடுப்பு பழைய நிலைக்குத் திரும்பினால் அதில் பாதிகூட மிஞ்சாமல் போகலாம். அப்புறம் மூட்டு பின்பக்கம் கழலும். ஆகவே துணி போர்த்தும் முன் இடுப்பு நேராக நிற்கிறதா என்று நீங்களே கைவைத்துப் பாருங்கள், கப் அடிக்கும் முன் இன்னொரு முறை பாருங்கள். கிண்ணக்குழியின் அடியில் ஓடும் குறுக்குத் தசைநாரையும் தேடுங்கள். இடுப்பு எப்படித் திரும்பினாலும் அது கூடவே திரும்பும்.

அறுவை அரங்கு டெக்னீஷியன்: பக்கவாட்டில் படுத்தவரின் இடுப்பு அசையாமல் பிடிக்கும் முன்பக்கத் தாங்கியை எங்கே வைப்பது?

எலும்பின் மேல். தொடை இடுக்கில் அழுத்தினால் ரத்தக்குழாய் நசுங்கும். பொருத்தியதும் இடுப்பை 90 டிகிரி மடக்கிப் பாருங்கள், தாங்கி தடுக்கக்கூடாது. அடியில் இருக்கும் காலின் முழங்காலுக்கு வெளிப்புறம் நரம்பு ஓடும் இடத்தில் மெத்தை வையுங்கள். துணி போர்த்தும் முன் மருத்துவரைக் கூப்பிட்டு இடுப்பைக் காட்டுங்கள்.

ஒருவர்: அறுவைக்குப் பிறகு எப்போது வண்டி ஓட்டலாம்?

உங்கள் மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேளுங்கள்.

இன்னொருவர்: ரோபோ இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லைதானே?

ரோபோவும் நேவிகேஷனும் (கணினி வழிகாட்டல்) இடுப்பெலும்பின் அசைவைத் தொடர்ந்து பார்க்கின்றன. குறித்த கோணத்தில் வைப்பதில் கையைவிடத் துல்லியம். எந்தக் கோணம் என்று முடிவெடுப்பது நீங்கள்.

இளம் மருத்துவர்: 40, 15 என்ற பாதுகாப்பு எல்லைக்குள் வைத்தால் கழலாது என்றுதான் படித்தோம். முதுகு, இடுப்புச் சாய்வு என்பதெல்லாம் தேவையில்லாத குழப்பம்.

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த எல்லை 1978-ல் லெவினெக் குழு சொன்னது: சாய்வு 40, முன்திருப்பம் 15, இரண்டிலும் 10 டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம். 300 இடுப்புகள், அதில் கழன்றவை 9. படுத்த நிலையில் எடுத்த படங்கள். 2016-ல் மேயோ கிளினிக்கிலிருந்து வந்த ஆய்வில், கழன்ற 206 இடுப்புகளில் 58 சதவீதம் அந்த எல்லைக்குள்ளேயே இருந்தன.

காரணம் எளிது. மனிதர் படுத்தே கிடப்பதில்லை. நிற்பவர் உட்காரும்போது இடுப்பெலும்பு சுமார் 20 டிகிரி பின்னால் சாய்கிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் கப்பின் முன்திருப்பம் ஏறக்குறைய 0.7 டிகிரி கூடித் தொடைக்கு இடம் கொடுக்கிறது. கீழ்முதுகை ஸ்க்ரூ போட்டு இணைத்தவருக்கு இந்தச் சாய்வு கிடைக்காது. உட்கார்ந்தால் தொடை எலும்பு கப்பின் முன்விளிம்பில் முட்டும், கப்புக்குள் சுழலும் செயற்கைப் பந்து பின்னால் நழுவும். அவருக்கும் உங்களுக்கும் ஒரே 15 எப்படிச் சரியாகும்?

அதே மருத்துவர்: அப்படியானால் எல்லையையே தூக்கி எறியச் சொல்கிறீர்களா?

இல்லை. தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். முதுகு விறைத்தவருக்கு நின்றும் உட்கார்ந்தும் பக்கவாட்டுப் படம் எடுங்கள், ஸ்டெம்மின் (பந்தைத் தாங்கித் தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு) திருப்பத்தையும் கப்போடு சேர்த்துக் கணக்கிடுங்கள், தேவைப்பட்டால் டியூயல் மொபிலிட்டி கப் (இரண்டு இடங்களில் அசைவதால் எளிதில் கழலாத கப்) போடுங்கள்.

மூன்றாமவர்: மல்லாந்து படுக்க வைத்து முன்வழியாகச் செய்தால் இந்த விவாதமே வேண்டாமே?

மல்லாந்த நிலையில் இடுப்பு குறைவாக உருளும், அறுவை நடுவே எக்ஸ்ரே பார்ப்பதும் சுலபம். அது உண்மை. ஆனால் விறைத்த முதுகு மல்லாந்து படுத்தாலும் விறைத்த முதுகுதான். நான் மேலே சொன்னது எதுவும் மாறாது.

வேறொருவர்: ரோபோ அறுவை நல்லதா?

மேலே சொல்லிவிட்டேன், படியுங்கள்.

பிசியோதெரபிஸ்ட்: அறுவை செய்த கால் நீளமாகிவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். உண்மையா, உணர்வா?

இரண்டும் உண்டு. பக்கவாட்டில் படுத்திருக்கும்போது முழங்கால்களை ஒப்பிட்டு நீளம் பார்ப்பது நம்பகமில்லை. இடுப்பு சரிந்திருந்தால் மேலே இருக்கும் காலின் நீளம் தப்பாகத் தெரியும். அறுவைக்கு முன்பே படத்தில் அளந்து திட்டமிட வேண்டும். அளவு சரியாக இருந்தும் நீளமாகத் தோன்றினால், பெரும்பாலும் இறுகிய தசை இடுப்பைச் சாய்த்திருக்கும். சில மாதங்களில் தளரும். அதுவரை ஷூவுக்குள் உயரம் வைக்கச் சொல்ல வேண்டாம். முதலில் நிற்கும் எக்ஸ்ரேயில் அளந்து பாருங்கள்.