சிட்னியின் பசிக்காலம்: வாசகர் கேள்வி – பதில்

1788-ல் ஆங்கிலேயர்கள் சிட்னியில் இறங்கினார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் நிலம், பக்கத்திலேயே கடல். அப்படியிருந்தும் இரண்டே வருடத்தில் சோற்றுக்கு அல்லாடியது ஏன்?
– வாசகர், திண்டுக்கல்

முதல் அடி விதையில் விழுந்தது. கைதிகளைக் குடியேற்ற வந்த ஆளுநர் ஆர்தர் பிலிப்பின் 11 கப்பல்கள் 1787 மே 13-ல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்திலிருந்து கிளம்பி, 1788 ஜனவரியில்தான் போய்ச் சேர்ந்தன. எட்டு மாதம் கப்பலின் அடித்தளத்தில் புழுங்கிய விதைக் கோதுமையில் பெரும்பகுதி முளைக்கவே இல்லை. முளைத்ததும் தேறவில்லை. முதலில் விதைத்த இடம், இன்று தாவரவியல் பூங்கா இருக்கும் ஃபார்ம் கோவ். மணற்பாறை உதிர்ந்து உண்டான சத்தில்லாத மண் அது. எரு போடலாமென்றால் கால்நடைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. அவற்றிலும் இரண்டு காளைகளும் சில பசுக்களும் அந்த ஜூன் மாதமே காட்டுக்குள் ஓடிவிட்டன. (1795-ல் கண்டுபிடித்தபோது அவை அறுபதுக்கு மேல் பெருகி மந்தையாக மேய்ந்துகொண்டிருந்தன!) உழவுமாடு இல்லாததால் நிலத்தையெல்லாம் ஆட்களே கொத்த வேண்டியிருந்தது. தைல மர இனத்துக் கட்டைகள் இரும்புபோல இறுகியவை. கோடரி வாய் மழுங்கியது. மரத்தை வெட்டினாலும் வேரைத் தோண்டி எடுக்க ஆள் பலம் போதவில்லை. வந்த கைதிகளில் பெரும்பாலோர் திருட்டுக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள். வெள்ளாமை தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

உள்நாட்டில் ரோஸ் ஹில் என்ற இடத்தில், அதாவது இன்றைய பரமட்டாவில், மண் நன்றாக இருந்தது. 1789 டிசம்பரில் அங்கே 200 புஷல் கோதுமை அறுத்தார்கள். ஏறக்குறைய 5 டன். அதையும் சாப்பிட முடியாது, அடுத்த போகத்துக்கு விதை வேண்டுமே!

ஆகவே கப்பலில் வரும் சரக்கைத்தான் நம்ப வேண்டியிருந்தது. உணவு ஏற்றிவந்த 'கார்டியன்' 1789 டிசம்பரில் பனிப்பாறையில் மோதியது. குடியேற்றத்திடம் இருந்த பெரிய கப்பலான 'சிரியஸ்' 1790 மார்ச்சில் நார்ஃபோக் தீவில் பாறை தட்டி உடைந்தது. பசி உச்சத்துக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

அப்போது ஒருவருக்கு என்ன அளவு கொடுத்தார்கள்?
– வாசகி, காரைக்குடி

1790 ஏப்ரலில், வாரத்துக்கு மாவு இரண்டரைப் பவுண்டு, அரிசி இரண்டு பவுண்டு, உப்புப் பன்றிக்கறி இரண்டு பவுண்டு. நாள் கணக்கில் பார்த்தால் மாவு 160 கிராம், அரிசி 130 கிராம், கறி 130 கிராம். கறி உப்பிலேயே வருடக்கணக்கில் கிடந்தது. வேகவைத்தால் சுருங்கிவிடும் என்பதால் நெருப்பில் வாட்டி, சொட்டும் கொழுப்பை ரொட்டியில் பிடித்துக்கொண்டார்கள். ஆளுநருக்கும் கைதிக்கும் ஒரே அளவுதான். ஆளுநர் வீட்டு விருந்துக்குப் போகிறவர் தன் ரொட்டியைத் தானே கொண்டுபோக வேண்டும். பிலிப்பிடம் எனக்கு மரியாதை உண்டாவது இந்த ஒரு விஷயத்தில். இந்த அளவைத் தின்று முழு நாளும் மண் கொத்த முடியாது; அதனால் வேலை நேரத்தைக் குறைத்தார்கள், விளைச்சல் இன்னும் தள்ளிப்போனது.

அதே மண்ணில் பூர்வகுடிகள் மட்டும் எப்படி வாழ்ந்தார்கள்?
– வாசகர், நாகர்கோவில்

அந்தத் துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்த இயோரா மக்கள் மீனையும் சிப்பியையும் நம்பியிருந்தார்கள். பெண்கள் மரப்பட்டைத் தோணியில் உட்கார்ந்து, சிப்பி ஓட்டைத் தேய்த்துச் செய்த தூண்டிலால் மீன் பிடித்தார்கள். குளிர்காலத்தில் மீன் குறையும். அந்த மீனைத்தான் வந்தவர்கள் பெரிய வலை போட்டு வாரினார்கள். சண்டைக்கு ஒரு காரணம் இது. 1789 ஏப்ரலில் பெரியம்மை பரவியது. சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் இறந்ததாக இயோரா மக்களில் ஒருவரான பென்னலாங் பிலிப்பிடம் சொன்னார். 'காலி நிலத்தில் குடியேறினார்கள்' என்று எழுதுவது பொய்.

யாராவது ஒருவர் ஒழுங்காக விவசாயம் செய்தாரா?
– வாசகர், தஞ்சாவூர்

செய்தார். ஜேம்ஸ் ரூஸ் என்ற கைதி, கார்ன்வால் பகுதிக்காரர், வெள்ளாமை தெரிந்தவர். 1789 நவம்பரில் பரமட்டாவில் அவருக்கு நிலம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார் பிலிப். ரூஸ் வெட்டிய மரத்தை அங்கேயே எரித்துச் சாம்பலை மண்ணோடு கொத்தினார். கட்டியை உடைத்து, புல்லையும் களையையும் உள்ளே புதைத்து மக்கவிட்டார். வெயிலும் காற்றும் படும்படி நிலத்தை ஆறப்போட்டு, விதைப்பதற்குச் சற்று முன் இன்னொரு முறை புரட்டினார். எருவே இல்லாத ஊரில் இதைவிட நல்ல வழி கிடையாது. மற்றவர்கள் மேலாகக் கீறிவிட்டு விதைத்ததுதான் தப்பு. 1791 பிப்ரவரியில், தனக்கு இனி அரசாங்கத் தானியம் வேண்டாம் என்றார் ரூஸ். 30 ஏக்கர் அவருக்கே சொந்தமானது.

இந்தியாவிலிருந்து உணவு போனதுண்டா?
– வாசகி, மதுரை

போனது. பிலிப் கல்கத்தாவுக்கு அனுப்பிய 'அட்லாண்டிக்' கப்பல் 1792 ஜூனில் திரும்பி வந்தது. அதில் வந்தவை வங்காள அரிசி, ரவை, பருப்பு.